கண்ணாடியைக் கழற்றும் முன்: மில்லர்புரத்திலிருந்து லேசர் சிகிச்சைக்குக் கிளம்புவோருக்கு

தூத்துக்குடி மில்லர்புரத்தில் கண்ணாடி போட்ட இளைஞர்களுக்கு லேசர் ஆசை வருவதற்கான காரணங்கள் ஊரிலேயே இருக்கின்றன. உப்புக் காற்று கண்ணாடியில் படிந்து அடிக்கடி துடைக்க வைக்கிறது. காவலர் தேர்வுக்கு விடியற்காலையில் ஓடிப் பழகுகிறவருக்கும், கப்பல் வேலைக்கு விண்ணப்பிக்கிறவருக்கும் பார்வைத் தகுதி குறுக்கே நிற்கிறது. கல்யாணப் பேச்சு தொடங்கினால் பெண்ணின் கண்ணாடியைப் பற்றி உறவில் யாராவது வாயைத் திறக்கிறார்கள். இந்தக் கடைசிக் காரணத்துக்காக மட்டும் ஒருவர் கண்ணைச் சிகிச்சைக்குக் கொடுக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் நிதானமாக யோசித்து முடிவெடுக்கலாம்.

இந்தச் சிகிச்சையின் வேரில் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார். 1929இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் வேலை பார்த்த ரங்கசாமி சீனிவாசன். 1981 நவம்பரில், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மீது அவர் எக்ஸைமர் லேசரைச் செலுத்திப் பார்த்தார். சுற்றியிருந்த சதை கருகவில்லை. லேசர் பட்ட இடம் மட்டும் சுத்தமாகச் செதுக்கப்பட்டிருந்தது. 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அந்தப் புறஊதா ஒளி, திசுவைச் சுடாமல் மூலக்கூறுப் பிணைப்புகளை அறுக்கிறது. லேசிக் என்ற லேசர் முறையில் கருவிழியைச் செதுக்குவதும் இதே ஒளிதான். 2013இல் அமெரிக்க அதிபர் ஒபாமா அவருக்கும் அவருடைய சகாக்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருக்கும் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கினார். லேசர் கண்ணைப் பொசுக்கிவிடும் என்று பயப்படும் அம்மாக்களிடம் இந்தக் கதையைச் சொல்லலாம்.

வேலையைத் தொடங்க வேண்டிய இடம் வீட்டு அலமாரி. பழைய கண்ணாடிச் சீட்டுகளை எடுத்துத் தேதிவாரியாக அடுக்குங்கள். கடைசி ஓராண்டில் பவர் அரைக்கு (0.5) மேல் மாறியிருந்தால் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும். இருபத்தொன்று ஆகியிருந்தால் இன்னும் நல்லது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் காத்திருக்க வேண்டும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், கண்ணில் ஒருமுறையாவது அக்கி வந்தவர்கள் இதையெல்லாம் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

அடுத்தது பிழைப்பு. காவல்துறை, கடலோரக் காவல்படை, கடற்படை, வணிகக் கப்பல் என ஒவ்வொன்றுக்கும் பார்வை விதி தனி. லேசர் செய்தவர்களைச் சில பணிகள் ஏற்பதில்லை. சில, வயதையும் சிகிச்சைக்குப் பின் கடந்த மாதங்களையும் பார்த்து ஏற்கின்றன. செய்துகொண்ட பிறகு விதியைத் தேடுவது வீண். நீங்கள் விண்ணப்பிக்கும் பணியின் அறிவிப்பை முதலில் படியுங்கள்.

கடலில் இறங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனாலும், திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் உண்டு. லேசிக் செய்தால் நீச்சலை ஒன்று முதல் இரண்டு மாதம் தள்ளிப்போடச் சொல்கிறது அமெரிக்க மருந்து நிர்வாகம். முகமூடி போட்டு ஆழத்துக்குப் போகிறவர் தன் தொழிலை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி அனுமதி வாங்கிய பிறகே இறங்க வேண்டும். அந்த மாதங்களின் வருமான இழப்பும் சிகிச்சைச் செலவில் சேர்ந்ததுதான்.

எங்கே போவது? டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் பதினோரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1988இல் திருநெல்வேலிக்கு வந்தது. மில்லர்புரத்திலிருந்து பாளையங்கோட்டை ரோட்டில் சுமார் ஐம்பது கிலோமீட்டர். சென்னையில் 1978இல் தொடங்கிய சங்கர நேத்ராலயா இருக்கிறது; முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஓர் இரவுப் பயணம். தனியார் மருத்துவமனைகளும் பல உண்டு. எந்தக் கிளையில் எந்த லேசர் இருக்கிறது என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தூரத்தையும் கணக்கில் எடுங்கள்: சிகிச்சைக்கு மறுநாள், ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில் என்று மறுபடி மறுபடி காட்ட வேண்டும். நள்ளிரவில் கண் வலித்தால் ஓட முடிகிற தூரத்தில் மருத்துவர் இருப்பது பெரிய தெம்பு.

இனி பரிசோதனை நாள். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். சாதாரண கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் இரண்டு வாரத்துக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். கெட்டியான லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரம். லென்ஸ் அழுத்திய கருவிழி தன் இயல்பான வடிவத்துக்குத் திரும்பாமல் அளந்தால் கணக்கே தப்பும். கண்பாவையை விரிக்கச் சொட்டு மருந்து போடுவார்கள், சில மணி நேரம் கூசும். அதனால் பைக்கில் தனியாகப் போகாதீர்கள்.

கருவிழியின் தடிமனையும் வளைவையும் அளப்பார்கள். கண்ணீர் போதுமான அளவு சுரக்கிறதா என்றும், விழித்திரையின் ஓரங்களில் மெலிவோ ஓட்டையோ உண்டா என்றும் பார்ப்பார்கள். வளைவுப் படத்தில்தான் கூம்புக் கருவிழி நோயின் தொடக்கம் தெரியும். அலர்ஜியால் கண்ணை ஓயாமல் கசக்குகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் சொல்லியே ஆக வேண்டும். அந்த நோயின் சாயல் இருக்கும்போது லேசிக் செய்தால் கருவிழி இன்னும் மெலிந்து முன்னே பிதுங்கும்.

தடிமன் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆறு மில்லிமீட்டர் வட்டத்தில், ஒரு பவருக்கு ஏறக்குறைய 12 மைக்ரான் செதுக்கப்படும். கருவிழி 520 மைக்ரான், பவர் மைனஸ் ஐந்து என்று வையுங்கள். லேசிக்கில் மேலே தூக்கும் மடல் 110, செதுக்குவது 60, அடியில் மிஞ்சுவது 350. தாராளம். இன்னொருவருக்குக் கருவிழி 480, பவர் மைனஸ் ஒன்பது. மடல் 110, செதுக்குவது 108, மிஞ்சுவது 262. குறைந்தபட்சம் 250 என்ற பழைய எல்லையை இது தாண்டுகிறது. ஆனால் மொத்தத் தடிமனில் நாற்பது சதவீதத்துக்கு மேல் கைவைத்தாகிவிட்டது. கவனமான மருத்துவர் இங்கே வேண்டாம் என்பார். அப்படிச் சொன்னவர் உங்களுக்கு நல்லது செய்தார். உடனே செய்து தருகிறேன் என்கிற வேறு இடத்தைத் தேடி ஓடாதீர்கள்.

முறைகள் பிறகுதான். லேசிக்கில் மடல் திறந்து, உள்ளே செதுக்கி, மூடுவார்கள். மறுநாளே பார்வை தெளியும். பி.ஆர்.கே.வில் மடல் கிடையாது, மேல்தோலை நீக்கிவிட்டுச் செதுக்குவார்கள். மூன்று நான்கு நாள் வலி, பார்வை முழுதாகத் தெளிய வாரங்கள் ஆகும். கபடி, குத்துச்சண்டை ஆடுகிறவர்களும், படகில் கயிறும் வலையும் முகத்தில் அடிக்கும் வேலை செய்கிறவர்களும் மடல் இல்லாத முறையைப் பற்றிக் கேட்பது நல்லது. அடிபட்டால் மடல் விலகும் வாய்ப்பு உண்டு. ஆனால் பி.ஆர்.கே. செய்தவர் உப்பளத்து வெயிலில் கறுப்புக் கண்ணாடியில்லாமல் நிற்கக் கூடாது. புறஊதா ஒளி பட்டால் கருவிழி மங்கும் அபாயம் கூடும். அமெரிக்காவில் 2016இல் அனுமதி பெற்ற ஸ்மைல் முறையில், சிறு கீறல் வழியாக மெல்லிய திசு வில்லையை உருவி எடுக்கிறார்கள். பவர் மிக அதிகமாகவோ கருவிழி மெல்லியதாகவோ இருந்தால் ஐ.சி.எல். என்ற லென்ஸைக் கண்ணுக்குள் பொருத்தலாம். வேண்டாமென்றால் அதை எடுத்துவிடலாம் என்றாலும், அது கண்ணைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை.

பணம் பேசும்போது இரண்டு கண்ணுக்கும் சேர்த்து, சொட்டு மருந்து, மறுபரிசோதனை, பின்னால் மிச்சப் பவரைத் திருத்த வேண்டியிருந்தால் அது உட்பட எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். மருத்துவக் காப்பீட்டில் 7.5க்குக் குறைவான பவருக்குச் செலவு கிடைக்காது என்பது இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொதுவான விலக்கு. மைனஸ் நான்குக்குச் செய்துகொள்கிறவர் முழுவதையும் கைக்காசிலிருந்துதான் கட்ட வேண்டும்.

சிகிச்சை நாளில் சென்ட், கிரீம், கண் மை வேண்டாம். மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்து போதும், ஊசி கிடையாது; சில நிமிடங்களில் முடியும். வீட்டுக்கு வந்தபின் கண்ணைத் தேய்க்காமல் இருப்பதே பெரிய மருந்து. வலி குறையாமல் கூடினாலோ, தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் பங்கேற்ற ஆய்வில், லேசிக் செய்துகொண்டவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் திருப்தி தெரிவித்தார்கள். அதே ஆய்வில், முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை, மூன்று மாதம் கழித்து ஒளிவட்டம், கூச்சம் போன்ற ஏதாவது ஒன்றைச் சொன்னார்கள். கண் வறட்சி புதிதாக வந்தவர்கள் 30 சதவீதம் வரை. இரவில் துறைமுகச் சாலையில் லாரி ஓட்டுகிறவர் இந்த எண்களை இருமுறை படிக்க வேண்டும். நாற்பது வயது தாண்டினால் வாசிக்கும் கண்ணாடி எப்படியும் வரும். கிட்டப்பார்வை உள்ளவரின் நீண்ட கண் லேசருக்குப் பிறகும் உள்ளே நீண்டதாகவே இருக்கிறது, விழித்திரை விலகும் ஆபத்தும் போவதில்லை. மின்னல் வெட்டுவது போலவோ, கறுப்புப் புள்ளிகள் பறப்பது போலவோ, ஓரத்தில் திரை விழுவது போலவோ தெரிந்தால் தாமதிக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சிகிச்சைக்கு முன் எடுத்த கருவிழி அளவுகள், பழைய பவர், செதுக்கிய அளவு அடங்கிய அறிக்கையைக் கேட்டு வாங்கி, நகல் எடுத்து, போனிலும் படம் பிடித்து வையுங்கள். செதுக்கிய கருவிழியில் கண் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். வயதான காலத்தில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும் மருத்துவர் சரியான பவரைக் கணக்கிடவும் அந்த எண்கள் பெரிதும் உதவும்.