ரோமானியச் சட்டம் படிக்க வருகிறீர்களா?

பேரரசர்களின் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு இந்தத் துறைக்குள் வராதீர்கள். ஒரு வழக்கோடு வாருங்கள்.

சிலர் பந்து விளையாடுகிறார்கள். பக்கத்தில் ஒரு நாவிதர் ஓர் அடிமைக்குச் சவரம் செய்துகொண்டிருக்கிறார். வேகமாக வந்த பந்து அவர் கையில் பட, கத்தி அடிமையின் கழுத்தை அறுத்துவிடுகிறது. அடிமையின் உரிமையாளருக்கு இழப்பீடு தர வேண்டியவர் யார்? நாவிதர்தான் என்றார் ரோமானியச் சட்ட அறிஞர் புரோகுலஸ். வழக்கமாக விளையாட்டு நடக்கும் இடத்திலோ நடமாட்டம் மிகுந்த இடத்திலோ சவரம் செய்திருந்தால் அதில் நியாயம் உண்டு என்றார் இன்னொரு சட்ட அறிஞரான உல்பியன். அதே மூச்சில், ஆபத்தான இடத்தில் நாற்காலி போட்டவரிடம் போய் உட்கார்ந்தவர் தன்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும் என்ற வாதத்துக்கும் அவர் இடம் கொடுத்தார். டைஜஸ்ட் என்ற ரோமானியச் சட்டத் தொகுப்பில் 9-ஆம் நூல், 2-ஆம் தலைப்பு, 11-ஆம் துண்டு இது. முதல் வாரமே எடுத்து, ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு பக்கம் வாதம் எழுதுங்கள். இந்தத் துறையின் வேலையே இதுதான். எனக்கு இதைவிட அழகான சட்டப் பயிற்சி தெரியாது.

அடுத்தது காயஸ். 2-ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய பாடநூல், ஜெரோமின் கடிதங்களுக்கு அடியில் சுரண்டப்பட்ட தோல் ஏட்டில் மறைந்து கிடந்தது. 1816-இல் வெரோனாவில் வரலாற்றறிஞர் நீபூர் அதைக் கண்டெடுத்தார். தெளிவான நூல், தொடக்கத்துக்கு ஏற்றது.

டைஜஸ்டைப் படிக்கும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். பேரரசர் ஜஸ்டினியன் 533-இல் வெளியிட்ட 50 நூல்களின் தொகுப்பு அது. பழைய அறிஞர்களின் எழுத்தை வெட்டவும் திருத்தவும் அதைத் தொகுத்த திரிபோனியன் குழுவுக்கு அனுமதி இருந்தது. ஆகவே ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் உள்ள ஆசிரியர் பெயரைப் பாருங்கள்; இது அவர் சொன்னதா, தொகுத்தவர்கள் சேர்த்ததா என்று கேளுங்கள்.

இலத்தீன் இல்லாமல் ஆய்வு நகராது. ஜெர்மனும் இத்தாலியனும் வாசிக்கும் அளவுக்காவது தேவை.

வேலை? ரோமானியச் சட்டத்துக்கென்றே தனிப் பணியிடங்கள் குறைவு. ஜெர்மனியில் பேராசிரியர் பதவிகள் பெரும்பாலும் சிவில் சட்டத்தோடு சேர்ந்தே வரும். தென்னாப்பிரிக்காவிலும் இலங்கையிலும் ரோமன்-டச்சுச் சட்டம் உயிரோடு இருக்கிறது. கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு அங்கே தொடுக்கும் நட்டஈட்டு வழக்கின் வேர், அந்த நாவிதர் வழக்கில் அறிஞர்கள் பொருத்திப் பார்த்த, இழப்பீடு பற்றிய அதே ரோமானிய அக்விலியச் சட்டம்தான். எனவே ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது விற்பனை, ஒப்பந்தம், இழப்பீடு போல இன்றைய வகுப்பிலும் நீங்கள் நடத்தக்கூடிய ஒன்றையே எடுங்கள். நேர்காணலில் அதைத்தான் கேட்பார்கள்.