கேட்டுத் திருத்துக

சிரஞ்சீவி தம்பிக்கு,

புரூப் பார்க்கும் வேலையில் அமர்ந்த சில மாதங்களுக்குள், வயதிலும் வித்வத்திலும் முதிர்ந்த ஒருவருடைய கட்டுரையில், உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1898இல் பதிப்பித்தார் என்றிருந்ததைக் கண்டு 1892 என்று மாற்றியதையும், அவர் அச்சகத்துக்கு வந்தபோது அத்தனை பேர் காதிலும் விழும்படி அப்பிழையைச் சொல்லிக் காட்டியதையும், அவர் ஒன்றும் பேசாமல் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனதையும் எழுதியிருந்தாய். சிலப்பதிகாரம் வெளிவந்தது 1892இல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீ பெயர்த்தெழுதி அனுப்பிய பகுதியில் அடுத்த வாக்கியத்தை நீ ஊன்றிப் படித்ததாகத் தெரியவில்லை. பௌத்த சமயத் தத்துவங்களை ஐயரவர்கள் மளூர் ரங்காசாரியாரிடம் கேட்டுத் தெளிந்த செய்தியல்லவா அங்கே வருகிறது? அது மணிமேகலைப் பதிப்பைச் சேர்ந்த விஷயம். அந்நூல் வெளிவந்த வருஷமே 1898. ஆகவே பெரியவருடைய பேனா தவறியது வருஷத்தில் அன்று, நூலின் பெயரில் என்றே நினைக்கிறேன். உண்மையான வருஷத்தைப் போட்டு அந்த வாக்கியத்தை முன்னிலும் பிழையாக்கி வைத்திருக்கிறாய், அப்பா.

தனியே அழைத்து, "ஐயா, இங்கே எந்த நூலைக் கருதினீர்கள்?" என்று நீ ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் உண்மையும் கிடைத்திருக்கும், அவர் மனமும் நொந்திராது. விநயத்தை உண்மைக்குப் புறம்பான ஓர் உபசாரமாக எண்ணுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் உண்மை நம்மிடம் வந்து சேரும் வழியே அதுதான் என்பதை அவர்கள் அறிவதில்லை.

நீ யாருடைய வருஷத்தைத் திருத்தினாயோ, அந்த ஐயரவர்களையே பார். திருவாவடுதுறை என்னும் சைவ மடத்தின் நிழலில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றுத் தேர்ந்து, கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக வீற்றிருந்த அவர், சீவக சிந்தாமணியை ஆராயப் புகுந்தபோது, ஜைன சம்பிரதாயம் தமக்குத் தெரியாது என்பதை உணர்ந்து, அவ்வூர் ஜைனர்களின் வீடுகளைத் தேடிச் சென்று, மாணாக்கரைப்போல அமர்ந்து கேட்டார். அந்நூலைப் பக்தியோடு பாராயணம் செய்துவந்த அந்த இல்லறத்தார், காலேஜ் பண்டிதர் எவரும் சொல்ல முடியாத விஷயங்களை அவருக்குச் சொன்னார்கள். 1887இல் வெளிவந்த அப்பதிப்பின் பெருமையில் அவர்களுக்கும் பங்குண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்துப்பாட்டை ஆராய்ந்த காலத்தில், குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் செல்லும் 99 மலர்களுள் சிலவற்றின் பெயர்கள் அவருக்குக் கிடைத்த ஏடுகளில் இல்லை. செய்யுள் இயற்றுவதில் வல்லவரான அவருக்கு, ஆசிரியப்பாவின் ஓசை வழுவாமல் மூன்று நான்கு பூக்களின் பெயரைப் பெய்து அவ்விடத்தை நிரப்புவது கஷ்டமான காரியமா? செய்திருந்தால் கண்டுபிடிப்பாரும் இல்லை. அவரோ ஏடு ஏடாகத் தேடி, கடைசியில் தருமபுர மடத்துச் சுவடியிலே அந்த அடிகளைக் கண்டெடுத்தார். தமக்குத் தோன்றியதைக் கபிலர் சொன்னதாகச் சொல்ல அவர் மனம் இசையவில்லை. நூலாசிரியர் உயிரோடு இல்லாதபோது அவருக்குக் காட்டவேண்டிய மரியாதை இவ்வளவு என்றால், எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கு எவ்வளவு காட்டவேண்டும்!

பாரம் இன்னும் மிஷினில் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறாய், நல்லதாயிற்று. உன் திருத்தத்தை அழித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மாத்திரம் இட்டு, புரூபை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்கே போ. போவதற்கு முன் இரண்டு பதிப்புகளின் முகப்புப் பக்கங்களையும் நூல்நிலையத்தில் கண்ணால் பார்த்துவிடு. என் ஞாபகத்தையும் நம்பாதே. முதலில் அன்று பேசிய விதத்துக்கு மன்னிப்புக் கேள். பிறகு புரூபை நீட்டு. அவர் என்ன சொன்னாரென்று எனக்கு எழுது.

இப்படிக்கு,
பெரியப்பா