சந்தேகம் வந்தால் முழுக் கட்டுரையைக் கேளுங்கள்



இரண்டு குழந்தைகள் போதும் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டீர்கள். "நானே ஆபரேஷன் செய்துகொள்கிறேன்" என்று கணவரும் முன்வருகிறார். நல்ல காரியம். அந்த நேரம் பார்த்து டீக்கடையில் ஒருவர், "ஆம்பிளை ஆபரேஷன் செஞ்சா பின்னால கேன்சர் வருமாம், செல்போன்ல வந்திருக்கு" என்று சொல்லிவிடுகிறார். முடிவு தள்ளிப்போகிறது. மாதங்கள் ஓடுகின்றன. வேண்டாத கர்ப்பம் வந்தால் அதைச் சுமப்பவர் மனைவிதான்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள திருமணமான பெண்களில் 100க்கு சுமார் 38 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்களோ 1000க்கு 3 மட்டுமே. இதற்கு இப்படிப்பட்ட பயங்களும் ஒரு காரணம். பயத்தை ஒதுக்கவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். விடையைத் தேடச் சொல்லுங்கள்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?

1993-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் சுமார் ஒன்றரை மடங்கு அதிகம் காணப்பட்டதாக அவை கூறின. ஆகவே இது வெறும் கட்டுக்கதை அல்ல. ஆனால் ஆராய்ச்சி அதோடு நின்றுவிடவில்லை.

2002-ல் நியூசிலாந்தில் இந்நோய் வந்த 923 ஆண்களையும், வராத 1224 ஆண்களையும் ஒப்பிட்டார்கள். ஆபரேஷன் ஆகி 25 ஆண்டுகள் கடந்தவர்களிடமும் ஆபத்து கூடவில்லை. 2017-ல் 53 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உயிரைப் பறிக்கும் கடுமையான வகைக்கும் ஆபரேஷனுக்கும் தொடர்பு தெரியவில்லை. எல்லா வகைகளையும் சேர்த்தால், நன்கு நடத்தப்பட்ட ஆய்வுகளில் 5 சதவீதம் மட்டும் கூடுதல்.

"அப்போ 100 பேரில் 5 பேருக்கு வருமா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஆபரேஷன் செய்யாதவர்களில் 100 பேருக்கு வரும் இடத்தில், செய்தவர்களில் 105 பேருக்கு வந்தது என்பதே பொருள். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் டாக்டரிடம் அடிக்கடி போய்ப் பரிசோதித்துக் கொள்வதாலும் நோய் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்படலாம்.

முழுக் கட்டுரை ஏன் வேண்டும்?

நிலம் வாங்கும்போது பத்திரத்தின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்போமா? நான்கெல்லை பார்க்கிறோம், வில்லங்கம் பார்க்கிறோம். ஆராய்ச்சியும் அப்படித்தான். தலைப்பும் சுருக்கமும் முதல் பக்கம். யாரை ஆராய்ந்தார்கள், எத்தனை பேரை, எத்தனை ஆண்டு, குறைபாடு என்ன என்பதெல்லாம் உள்ளே இருக்கும்.

நர்சம்மா எப்படித் தேடலாம்?

1. உங்கள் கேள்வியை ஒரே வரியில் எழுதிக்கொள்வார். "ஆண் கருத்தடை ஆபரேஷனால் புராஸ்டேட் புற்றுநோய் வருமா?" என்பது போல.

2. இன்டர்நெட்டில் 'பப்மெட்' என்ற பக்கத்தில் அதன் முக்கியச் சொற்களை ஆங்கிலத்தில் கொடுப்பார். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இது 1997 முதல் எல்லோருக்கும் இலவசம். இதில் கிடைப்பது பெரும்பாலும் சுருக்கம்தான்.

3. அங்கேயே 'ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்' என்ற கட்டத்தைத் தொட்டால், காசில்லாமல் முழுவதும் படிக்கக்கூடிய கட்டுரைகள் மட்டும் நிற்கும். 2000-ல் தொடங்கிய 'பப்மெட் சென்ட்ரல்' தொகுப்பில் முழுக் கட்டுரைகளே இருக்கின்றன.

4. கட்டுரை பூட்டியிருந்தால், அதை எழுதியவருக்கு ஈமெயில் அனுப்பி ஒரு பிரதி கேட்கலாம். முகவரி பெரும்பாலும் சுருக்கத்தோடு இருக்கும். மருத்துவக் கல்லூரி நூலகத்திலும் விசாரிக்கலாம்.

5. ஒரே ஒரு கட்டுரையோடு நிற்காமல், பல ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரையைப் பார்ப்பது நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் குடும்பக் கட்டுப்பாட்டுக் கைப்புத்தகமும் முழுவதும் இலவசம். 2007-ல் முதலில் வந்து, 2022-ல் புதுப்பிக்கப்பட்டது.

நர்சம்மாவுக்கு நேரமில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் இதே கேள்வியைக் கொடுங்கள்.

உங்கள் பங்கு என்ன?

* "யாரோ சொன்னாங்க" என்று சொல்லாமல், செல்போனில் வந்த செய்தியை அப்படியே காட்டுங்கள். அதில் ஊர், ஆண்டு, இதழின் பெயர் இருந்தால் தேடுவது எளிது.
* உங்கள் வயது, குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருந்ததா என்பதையும் சொல்லுங்கள்.
* கணவன் மனைவி இருவருமாகப் போங்கள். ஒருவர் கேட்டு வந்து மற்றவருக்குச் சொல்வதில் பாதி விட்டுப்போகும்.
* "எத்தனை பேரைப் பார்த்தாங்க? எத்தனை வருஷம் பார்த்தாங்க? அதுக்கப்புறம் வேற ஆராய்ச்சி வந்திருக்கா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.
* விடை வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஆணுறை அல்லது வேறு தற்காலிக முறையைப் பயன்படுத்துங்கள்.

மறக்க வேண்டாம்: கணவர் ஆபரேஷன் செய்துகொண்ட உடனே பலன் வந்துவிடாது. 3 மாதம் வரை ஆணுறையோ வேறு முறையோ தேவை. பிறகு விந்துப் பரிசோதனை செய்து, உயிரணு இல்லை என்று உறுதியானபின் நிறுத்தலாம்.

டீக்கடைப் பேச்சுக்குப் பொறுப்பு ஏற்பவர் யாரும் இல்லை. முடிவின் பலனை அனுபவிப்பது உங்கள் குடும்பம். ஆகவே கேட்டு, தெரிந்து, இருவரும் ஒருமனதாக முடிவு செய்யுங்கள்.