தீ மூட்டாத முகாம்

பள்ளி விடுமுறை நெருங்கினால் ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "மாமா, டெண்ட் வாங்கிட்டோம். அந்தமான்ல எந்த பீச்சுல போடலாம்?" அக்கா மகன் கேட்பான், அவன் நண்பர்கள் கேட்பார்கள், அந்த நண்பர்களின் ஆபீஸ்காரர்கள் கேட்பார்கள். போர்ட் பிளேரில் வேலை பார்க்கிறேன், லீவு கிடைத்தால் காட்டுப் பக்கம் போய்விடுவேன் என்று தெரிந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. (2024இல் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். பழகிய வாய் இன்னும் போர்ட் பிளேர் என்றே சொல்கிறது.)

எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். பகலில் காட்டுக்குள் நடங்கள், இருட்டும் முன் காட்டின் விளிம்புக்கு வந்துவிடுங்கள், தீ மூட்டாதீர்கள். இதைக் கேட்டதும் மறுமுனையில் ஒரு சோர்வு தெரியும். சினிமாவில் பார்த்த முகாமில் நெருப்பு இருக்கும், கிதார் இருக்கும், தலைக்கு மேல் நட்சத்திரம் இருக்கும். இங்கே கிடைப்பது நட்சத்திரம் மட்டும்தான், அதுவும் மேகம் விட்டால்.

முதலில் மாதம். நம் ஊரில் மே என்றால் சுற்றுலா. இந்தியாவுக்கு வரும் தென்மேற்குப் பருவமழை முதலில் கால் வைப்பதே இந்தத் தீவுகளில்தான், அதுவும் மே மாதத்தின் பிற்பாதியில். சரி, தீபாவளி லீவுக்கு வருகிறோம் என்றால் வடகிழக்குப் பருவமழை காத்திருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் மூவாயிரம் மில்லிமீட்டர் பெய்கிற இடம் இது. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வாருங்கள். அதிலும் பிப்ரவரி, மார்ச்சில் கடல் அடங்கியிருக்கும், பாதை காய்ந்திருக்கும், அட்டைத் தொல்லையும் குறைவு. பிள்ளைகளின் பரீட்சையோடு இது மோதும் என்று தெரியும். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்தது நேரம். இந்திய நேரத்தைத்தான் கையில் கட்டியிருக்கிறோம், ஆனால் தீவுகள் கிடப்பது பர்மாவுக்குப் பக்கத்தில். சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவதற்கு ஐம்பது நிமிடம் முன்பே இங்கே வந்துவிடும். டிசம்பரில் மாலை 5 மணியளவில் சூரியன் இறங்கிவிடும். அடர்ந்த காட்டுக்குள் அதற்கு அரை மணி முன்பே பாதை மங்கிவிடும். எனவே நாலரை மணிக்கு எழுவது, ஐந்தரைக்கு நடக்கத் தொடங்குவது, மதியம் இரண்டுக்குத் திரும்பும் வழியில் பாதிக்கு மேல் வந்திருப்பது என்பதே என் கணக்கு. பத்து மணிக்கு ஹோட்டலில் பூரி சாப்பிட்டுவிட்டு மலை ஏறலாம் என்று வருகிறவர்களோடு நான் போவதில்லை.

சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இறங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபு மவுண்ட் ஹாரியட் ஏறினார். மாலை வெளிச்சத்தை ரசித்துவிட்டு இறங்கி ஹோப்டவுன் துறைக்கு வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. இருளில் காத்திருந்த ஷேர் அலி அஃப்ரிடி என்ற கைதி அங்கேயே அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். இன்று அந்தப் பாதையில் கத்தி இல்லை, வழுக்கும் வேர்கள்தான். 1891 ஆங்கிலேய-மணிப்பூர் போருக்குப் பிறகு மணிப்பூர் மகாராஜா குலசந்திர சிங்கையும் உடனிருந்தவர்களையும் நாடு கடத்தி இந்த மலையில்தான் வைத்தார்கள். அதன் நினைவாக 2021இல் மலைக்கு மவுண்ட் மணிப்பூர் என்று பெயரிட்டார்கள். அந்தமானில் முதல் முறை காடு நடப்பவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். போர்ட் பிளேரின் சாத்தம் துறையிலிருந்து பாம்பூ ஃப்ளாட்டுக்குப் படகு, அங்கிருந்து வண்டி, உச்சியிலிருந்து காலா பத்தர் வரை நிழல் விழுந்த நடைபாதை. குழந்தைகளும் வரலாம். பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் தென்னையும் கலங்கரை விளக்கமும் இந்த மலைச் சாலையிலிருந்து தெரியும் காட்சிதான்.

கால் பழகிய பிறகு வடக்கே திக்லிப்பூருக்குப் போங்கள். அந்தமான் தீவுக்கூட்டத்தின் உயரமான இடமான சேடில் பீக் அங்கே இருக்கிறது. 732 மீட்டர்தானே, ஏற்காட்டில் பாதிகூட இல்லையே என்று கேட்பார்கள். ஏற்காட்டுக்குப் பேருந்தில் போகிறோம். இங்கே லாமியா பே கடற்கரையில் கடல் மட்டத்திலிருந்தே நடக்கத் தொடங்க வேண்டும். ஒரு வழிக்குச் சுமார் எட்டு கிலோமீட்டர். முதல் பகுதி கரையை ஒட்டியே போகும், உருண்டைக் கற்கள் காலைப் பதம் பார்க்கும். பின்பு ஓடைகளைத் தாண்டி ஏறத் தொடங்கினால் கடைசி வரை ஏற்றம்தான். கீழே தாழையும் புன்னையும், நடுவில் வானத்தைத் தொடும் கர்ஜன் மரங்களும் பிரம்புப் புதரும், மேலே போகப் போகக் குட்டையான மரங்களும் பாசியும். நெய்தலில் கிளம்பிய ஆள் மதியத்துக்குள் குறிஞ்சியில் நிற்பதை நான் வேறெங்கும் அனுபவித்ததில்லை. உச்சியை மேகம் மூடிக்கொண்டால் எதுவும் தெரியாது. அதை நினைத்து ஏறாமல் விடாதீர்கள்.

இந்த நடைக்கு வனத்துறைச் சோதனைச் சாவடியில் அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டும், வழிகாட்டியைக் கூட்டிப்போக வேண்டும். என்னோடு வருகிறவர் கிழக்கு வங்காளத்திலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெரியவர். தமிழ் தெரியாது. என் இந்தி அவருக்கு வேடிக்கை. "தாதா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் கிலோமீட்டரில் பதில் சொல்ல மாட்டார். என் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பார். பாதிக்குக் கீழே போயிருந்தால் "திரும்பலாம்" என்பார். ஆளுக்கு மூன்று லிட்டர் என்பது அவரிடம் கற்ற அளவு. காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. தாகம் தெரியும் நேரத்தில் உடம்பு ஏற்கெனவே வற்றத் தொடங்கியிருக்கும்.

டெண்ட் விஷயத்துக்கு வருகிறேன். தேசியப் பூங்காவோ சரணாலயமோ காப்புக்காடோ, நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க இங்கே முடியாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பூங்காவிலும் சரணாலயத்திலும் நுழைவதற்கே அனுமதி கேட்கிறது, காட்டுக்கு ஆபத்தாகும் விதத்தில் தீ மூட்டுவதைத் தனியாகத் தடுக்கிறது. வண்டூரில் 1983இல் தொடங்கிய மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரண்டு தீவுகளைத்தான் பருவத்துக்கு ஒன்றாகத் திறக்கிறார்கள், அதுவும் பகலில் மட்டும். பிளாஸ்டிக் கவரைக் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் படகேற வேண்டும். சிலருக்கு இது கெடுபிடியாகத் தெரிகிறது. பிரியாணிப் பொட்டலமும் உடைந்த பாட்டிலுமாகக் கிடக்கும் நம் ஊர் மலை அடிவாரங்களைப் பார்த்தவன் என்பதால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அப்படியானால் இரவு எங்கே? லாங் ஐலண்ட் என் முதல் தேர்வு. நடு அந்தமானில் ரங்கத் அருகே ஏரட்டா ஜெட்டியிலிருந்து படகு உண்டு. கிராமத்திலிருந்து காட்டு வழியாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நடந்தால் லாலாஜி பே. வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள், எங்கே தங்கலாம், எங்கே கூடாது என்று அவர்களே சொல்வார்கள். நம்பிக்கை வராதவர்கள் திக்லிப்பூர் பக்கம் காளிப்பூரிலோ ரங்கத் பக்கம் கத்பர்ட் பேயிலோ இருக்கும் சுற்றுலாத் துறை விடுதியில் தங்கிக்கொண்டு பகலில் காடு நடக்கலாம். மழை பிடித்துக்கொண்டால் நானும் அதைத்தான் செய்கிறேன்.

கரையில் கூடாரம் போட அனுமதி கிடைத்தாலும் ஓதத்தைப் பார்க்காமல் ஆணி அடிக்காதீர்கள். நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறும், அந்த நேரம் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியில் ஏற்றம் அதிகம். காய்ந்த பாசியும் குச்சியும் வரிசையாகக் கிடக்கும் கோடுதான் கடல் கடைசியாக வந்து போன இடம். அதற்கு மேலே நன்றாகத் தள்ளிப் போட வேண்டும். தென்னை மரத்தடி வேண்டாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த கிளை தொங்கும் பெரிய மரத்தடியும் வேண்டாம். ஓதம் தெரியாதவனுக்குத் திக்லிப்பூர் பக்கத்து ராஸ், ஸ்மித் தீவுகளுக்கு நடுவிலுள்ள மணல்திட்டும் தரையாகத் தெரியும். ஏற்றத்தில் அது தண்ணீருக்குள் போய்விடும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இன்னொரு கவனம். காளிப்பூர் கரையில் நான்கு வகைக் கடலாமைகள் முட்டையிட வருகின்றன: தோணியாமை, பங்குனி ஆமை, பச்சையாமை, அழுங்காமை. கரையில் வெள்ளை வெளிச்சம் தெரிந்தால் ஏற வந்த ஆமை திரும்பிப் போய்விடும், பொரித்த குஞ்சு கடலுக்குப் பதில் வெளிச்சத்தை நோக்கி நகரும். ஆகவே ஆமை வரும் கரைகளில் நான் கூடாரமே போடுவதில்லை. இரவில் வனத்துறை ஊழியரோடு போய், அவர் காட்டும் சிவப்பு வெளிச்சத்தில் எட்ட நின்று பார்ப்பதோடு சரி.

முதலை பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. புலி, சிறுத்தை எதுவும் இந்தத் தீவுகளில் இல்லை, முதலை இருக்கிறது. உவர்நீர் முதலை அலையாத்திக் காட்டு ஓடைகளில் வாழும், கடலிலும் நீந்தும். 2010இல் ஹேவ்லாக்கில், இன்றைய ஸ்வராஜ் தீவில், ஸ்நார்கெல் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவர் முதலையால் இறந்தார். எச்சரிக்கைப் பலகை உள்ள கரையில் குளிக்கவே கூடாது. ஓடை கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் பலகை இல்லாவிட்டாலும் குளிக்க மாட்டேன். மீன் கழுவிய தண்ணீரைக் கரையோரம் கொட்டவும் விடமாட்டேன்.

உண்மையில் தூக்கத்தைக் கெடுப்பது கண்ணுக்கே தெரியாத மணல் ஈ. காலை, மாலை வேளைகளில் மணலில் வெறும் காலோடு உட்கார்ந்தால் மறுநாள் முழங்கால் வரை தடித்துவிடும், ஒரு வாரம் அரிக்கும். தேங்காய் எண்ணெயைக் கெட்டியாகப் பூசிக்கொள்வது இங்கே எல்லோரும் செய்வது. முழுக்கால் சட்டையும் உதவும். மழைக்காட்டில் தரையில் படுப்பதைவிடக் கொசுவலை வைத்த ஹேமக்கில் படுப்பது மேல். பூரான் இங்கே பெரிதாக வளரும். காலையில் ஷூவைத் தலைகீழாகத் தட்டாமல் போடாதீர்கள். காலில் புண் இருந்தால் சேற்றுத் தண்ணீரில் இறங்க வேண்டாம். ஒரு காலத்தில் அந்தமான் ரத்தப்போக்குக் காய்ச்சல் என்று பயந்தது எலிக்காய்ச்சல்தான் என்று ஆய்வாளர்கள் பின்னால் கண்டுபிடித்தார்கள். ஊர் திரும்பிய பின் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் அந்தமான் காட்டில் நடந்தேன் என்று மறக்காமல் சொல்லுங்கள்.

தீ இல்லாமல் சாப்பாடு எப்படி? கேஸ் கேனை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், தீவில் கிடைக்கும் என்றும் நம்ப முடியாது. எனவே அடுப்பையே மறந்துவிட்டேன். முதல் வேளைக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை. அடுத்த வேளைக்கு அவல், வெல்லம், கடைசி ஜெட்டியில் வாங்கிய தேங்காய். கடலை மிட்டாய் சட்டைப் பையில். குப்பை எல்லாம் திரும்ப என் பையில்.

போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியாக வடக்கே போகும்போது ஜிர்காடாங்கில் வண்டிகளைக் கூட்டமாக நிறுத்தி அனுப்புவார்கள். அங்கிருந்து ஜாரவா பழங்குடி மக்களின் காடு. நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் வீசக் கூடாது. தெற்கு, நடு அந்தமானின் மேற்குக் கரை பெரும்பாலும் அவர்களுடையது. அந்தப் பக்கம் "யாரும் போகாத பீச்" காட்டுகிறேன் என்று எந்தப் படகுக்காரர் சொன்னாலும் ஏறாதீர்கள்.

கரையில் இருக்கும்போது நிலம் பலமாக ஆடினால் சைரனுக்குக் காத்திருக்க வேண்டாம், பையை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இங்கே குழந்தைக்கும் இது தெரியும். அன்று தெற்கு அந்தமானில் நிலமே இறங்கியது. கடல்நீர் புகுந்து பட்டுப்போன மரங்கள் வண்டூர் பக்கம் வெகுகாலம் நின்றன.

திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் போர்ட் பிளேரில் இருந்துவிடுங்கள், காற்று எழுந்தால் கப்பல் ரத்தாகும். பையை மூடும் முன் ஒரு முறை கொட்டிப் பாருங்கள். பிள்ளைகள் பொறுக்கிய சிப்பியும் செத்த பவளத் துண்டும் அடியில் கிடக்கும். விமான நிலையத்தில் ஸ்கேனரில் பார்த்து எடுத்துவிடுவார்கள், வகையைப் பொறுத்து வழக்கும் வரும். அவை கரையிலேயே இருக்கட்டும், நத்தை செத்தால் துறவி நண்டுக்கு அந்த ஓடுதான் வீடு.