மேயும் மாடு உண்பதும் ஜீரணிப்பதும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கரிசல் தரிசுகளிலும் கண்மாய்க் கரைகளிலும் மலையடிவாரத்துச் செம்மண் நிலங்களிலும் புல் தழைக்கும். தை பிறந்ததும் அது கதிர் விட்டு முற்றும். பங்குனியில் காய்ந்து சருகாகும். அக்காலத்தில் பால் வற்றுவதற்கும் எருதுகள் மெலிவதற்கும் புல் போதாமையே காரணம் என்று குடியானவர் பலர் கருதுவர். அது பாதி உண்மையே. காய்ந்த புல் முழங்கால் உயரம் நிற்கும் நிலத்தில் நாள் முழுதும் மேய்ந்த மாடும் மெலிகின்றது.

இதற்குக் காரணம் மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கின்றது. அங்கு வாழும் நுண்ணுயிர்களே புல்லின் நாரைச் சிதைத்துச் சத்தாக்குகின்றன. இளம்புல் விரைவில் சிதைந்து நீங்கும். முற்றிய புல்லின் நாரோ நெடுநேரம் தங்கி இரைப்பையை அடைத்துக்கொள்ளும். இடம் ஒழிந்தாலன்றி மாடு மேலும் உண்ண இயலாது. ஆகவே புல் தரம் குறைந்த காலத்தில் மாடு அதிகம் உண்டு ஈடு செய்துகொள்ளும் என்று எதிர்பார்த்தல் வீண்.

உண்ணும் அளவை முன்கூட்டிக் கணிக்க, அமெரிக்க ஆராய்ச்சியாளர் மெர்டன்ஸ் 1980களில் ஒரு வழி கூறினார். உலர்ந்த புல் 100 பங்கில் நார் எத்தனை பங்கோ, அத்தொகையால் 120ஐ வகுக்க வேண்டும். வரும் ஈவு, மாட்டின் எடையில் 100க்கு எத்தனை பங்கு உலர்தீவனம் உண்ணும் என்பதைக் காட்டும். கறவை மாடுகளைக் கொண்டு வகுத்த கணக்காதலின் இதைத் தோராயமாகவே கொள்ளல் வேண்டும். 300 கிலோ எடையுள்ள பசு, நார் 60 பங்குள்ள இளம்புல்லில் 6 கிலோ உலர்பொருள் உண்ணும். நார் 75 பங்கான முற்றிய புல்லில் 4.8 கிலோவே உண்ணும். முன்னதில் 100க்கு 60 பங்கும், பின்னதில் 45 பங்கும் ஜீரணமாவதாக வைத்துக்கொண்டால், உடலில் சேர்வது முறையே 3.6 கிலோவும் 2.16 கிலோவும் ஆகும். உண்பது ஐந்தில் ஒரு பங்கு குறைய, சேர்வது ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடுகின்றது.

அதே கணக்கில் சாணத்தையும் நோக்குக. ஒரு நாட் சாணத்தை உலர்த்தி நிறுத்தால் இளம்புற் காலத்தில் 2.4 கிலோ இருக்கும், கோடையில் 2.64 கிலோ இருக்கும். குறைவாய் உண்ட காலத்திலேயே எரு மிகுதி! தொழுவில் சாணம் நிறைந்திருப்பது கண்டு மாடு வயிறார உண்டதென்று மகிழ்தல் தவறு. சாணம் இறுகி, அடுக்கடுக்காய் விழுந்து, உள்ளே நார்த்துணுக்குகள் தெரியுமாயின் தீவனம் முற்றிவிட்டது என்று அறிக.

புல்லை ஆய்வுக்கு அனுப்புவோர் நிலத்தை அடியோடு அறுத்து அனுப்புதல் கூடாது. மாடு தண்டை விலக்கி இலையையே பொறுக்கித் தின்னும். அதன் பின்னே நடந்து, அது கடித்த உயரத்தில், கடித்தது போன்ற புல்லையே கையால் கிள்ளிச் சேர்த்தல் வேண்டும்.

புரதத்தின் அளவும் கவனிக்கத்தக்கது. அது உலர்ந்த புல்லில் 100க்கு ஏறக்குறைய 7 பங்குக்குக் கீழே இறங்கினால் நுண்ணுயிர்கள் சோர்ந்து, மாடு உண்ணும் அளவும் விழும் என்று ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் மில்ஃபோர்டும் மின்சனும் 1960களில் கண்டனர். 4 பங்கு புரதமுள்ள புல்லை 4.8 கிலோ உண்ணும் பசுவுக்கு, 40 பங்கு புரதமுள்ள கடலைப் பிண்ணாக்கு அரைக் கிலோ கொடுத்தால் தீவனம் முழுவதற்கும் 7 பங்கு தாண்டிவிடும். பருத்திக் கொட்டையும் பயன்படும். ஆனால் அளவு கூட வேண்டும். புல் கதிர் விட்டவுடனே இதைத் தொடங்குதல் நலம்; எலும்பு தெரிந்தபின் தொடங்குவோர் செலவு மிகுதியாகச் செய்வர்.

மலைக்காட்டை நம்பி மந்தை வைத்தல் இனி ஆகாது. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அமைந்துவிட்டது. எனவே சொந்தத் தரிசையும் ஊர்ப் புறம்போக்கையும் மாசியிலேயே அளந்து பார்க்க வேண்டும். ஒரு மீட்டர்ச் சதுரத்துப் புல்லைப் பல இடங்களில் அறுத்து, உலர்த்தி, நிறுத்துச் சராசரி காண்க. அது 100 கிராமானால் ஏக்கருக்குச் சுமார் 400 கிலோ. மேற்கூறிய பசுக்கள் 10 இருந்தால் கோடையின் 90 நாட்களுக்கு 4,320 கிலோ உண்ணும். நிற்கும் புல்லில் பாதி மிதிபடவும் அடுத்த மழைக்குத் தூர் காக்கவும் போகுமாதலின் 8,640 கிலோ வேண்டும். அதாவது 21 ஏக்கருக்கு மேல் நிலம் தேவை. அவ்வளவு இல்லாதவர் வைக்கோலோ சோளத்தட்டையோ வாங்கி அடைவதா, மாடுகளில் சிலவற்றை விற்பதா என்பதை, எல்லாரும் சந்தைக்கு ஓட்டும் சித்திரைக்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளலாம்.