தட்டிப் பார்த்து வாங்கிய வீடு

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. தங்கம் எடுத்த ஊர். அங்கே தமிழ் பேசுகிறவர்கள் அதிகம். செல்வியின் அப்பா அங்கே சுரங்கத்தில் வேலை பார்த்தார். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய் வேலை செய்த சுரங்கம் அது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஊரில் பலருக்கு ரயில்தான் பிழைப்பு. விடிவதற்கு முன் எழுந்து மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுவார்கள். பெங்களூரில் வேலை செய்வார்கள். இரவு திரும்பி வருவார்கள்.

செல்வியும் அப்படித்தான். பெங்களூரில் ஒரு துணி தைக்கும் கம்பெனியில் வேலை. கணவர் முருகேசன் அதே ஊரில் வாட்ச்மேன். குடியிருப்பது அப்பா காலத்துச் சுரங்கக் குவார்ட்டர்ஸ். ஓர் அறை, ஒரு சமையல் இடம். அந்த வீட்டுக்கு அவர்கள் பேரில் பத்திரம் கிடையாது. "நம்ம பேர்ல ஒரு சுவர் இருக்கணும்" என்று செல்வி சொல்லிக்கொண்டே இருப்பார். இருபது வருடம் சீட்டுக் கட்டினார். நகை வாங்கவில்லை. ஏழு லட்சம் ரூபாய் சேர்ந்தது.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வீடு விலைக்கு வந்தது. இருபதுக்கு முப்பது மனை. கான்கிரீட் தளம் போட்ட பழைய வீடு. விலை 18 லட்சம் ரூபாய். வீட்டுக்காரர் ஒரு பெரியவர். செல்வியின் அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை செய்தவர். செல்வி அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார்.

வீடு பளிச்சென்று இருந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். செல்விக்குப் பிடித்துவிட்டது.

"நாளைக்கே அட்வான்ஸ் குடுத்துடுங்கக்கா. பெங்களூர்ல இருந்து இன்னொரு பார்ட்டி வருது" என்றார் புரோக்கர்.

முருகேசன் பையில் கை வைத்தார். செல்வி தடுத்தார்.

"இருங்க. ஒரு பொடவை வாங்கினாக்கூட விரிச்சுப் பாக்கறோம். இது வீடு."

மேஸ்திரி வந்தார்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்வி ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தார். தெரிந்தவர். ஒரு நாள் கூலி கொடுத்தார். காலை வெளிச்சத்தில் வந்தார்கள். மாலையில் விளக்கு போட்டுப் பார்த்தால் சுவரில் உள்ளது தெரியாது. முந்தின நாள் மழை பெய்திருந்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று. மழைக்கு மறுநாள் வீடு பொய் சொல்லாது.

மேஸ்திரி முதலில் சுவரின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கையால் தேய்த்தால் பூச்சு உதிர்ந்தது. "மண்ணுல இருக்கற ஈரம் மேல ஏறுது, தங்கச்சி. புதுச் சுண்ணாம்பு நாலு மாசம் தாங்கும். அப்புறம் இதே கதைதான்" என்றார்.

பிறகு ஒரு கம்பால் சமையலறைத் தளத்தைத் தட்டினார். சில இடத்தில் 'டக் டக்' என்று கேட்டது. ஓர் இடத்தில் 'தொப் தொப்' என்று கேட்டது. அங்கே பழுப்பு நிறக் கறையும் இருந்தது.

"உள்ள கம்பி துருப்பிடிச்சிருக்கு" என்றார்.

இதை நாம் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. மழைநீர் கசிந்து உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த இரும்பு பெருக்கும். பெருத்த கம்பி தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தள்ளும். காரை பெயர்ந்து விழும். மேலே சிமெண்டு பூசி மறைத்தாலும் உள்ளே துரு நிற்காது.

சமையலறைச் சுவரில் ஒரு பெரிய காலண்டர் தொங்கியது. மேஸ்திரி அதைத் தூக்கிப் பார்த்தார். பின்னால் ஒரு விரிசல். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டு மாதிரி இறங்கியது. ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு உள்ளே போனது.

எல்லா விரிசலுக்கும் பயப்பட வேண்டாம். தலைமுடி போல மெல்லியதாக, பூச்சில் மட்டும் இருந்தால் அது பூச்சு காய்ந்ததால் வந்தது. செங்கல் வழியாகச் சாய்வாகப் போனால்தான் கவலை. கீழே அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது என்று அது சொல்கிறது.

பெரியவருக்குக் கோபம் வந்தது. "அது அந்தக் காலத்து விரிசல்மா. சுரங்கத்துல பாறை வெடிச்சு ஊரே ஆடுமே. உங்க அப்பா இருந்திருந்தா சொல்லுவார்."

அவர் சொன்னது பொய் இல்லை. தங்கவயலில் ஆழத்தில் பாறை வெடிப்பது உண்டு. மேலே வீடுகள் அதிர்ந்ததும் உண்டு. ஆனால் இந்த விரிசல் பழையதா, இன்னும் வளர்கிறதா? பார்த்தால் தெரியாது. அதற்கு மேஸ்திரி ஒரு வழி வைத்திருந்தார். விரிசலின் குறுக்கே மெல்லிய காகிதத் துண்டுகளை இரண்டு இடத்தில் ஒட்டினார். பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதச் சொன்னார். செல்வியே எழுதினார். 40 வயதில் எழுதப் படிக்கக் கற்றவர் அவர். எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. தேதி சரியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் போனார்கள். நடுவில் மூன்று நாள் நல்ல மழை. ஒரு காகிதம் கிழிந்திருந்தது.

விரிசல் இன்னும் நகர்கிறது. மேஸ்திரி வெளியே போய்ச் சுவர் ஓரமாக மண்ணைத் தோண்டினார். குளியலறைத் தண்ணீர் போகும் குழாய் உடைந்திருந்தது. தண்ணீர் அஸ்திவாரத்துக்கு அடியில் மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தது. பெரியவர் குனிந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது? 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன் 55ஆம் பிரிவு விற்பவரின் கடமையைச் சொல்கிறது. சொத்தில் முக்கியமான குறை இருக்கிறது. அது விற்பவருக்குத் தெரியும். வாங்குபவருக்குத் தெரியாது. சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அப்படிப்பட்ட குறையை அவர் சொல்லியாக வேண்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் குறையைப் பார்ப்பது வாங்குபவர் வேலை. காலண்டரைத் தூக்கிப் பார்க்காமல் விட்டுவிட்டு, பிறகு சண்டை போட்டால் எடுபடுவது கஷ்டம்.

பத்திரத்தில் ஒரு வரி

சார்பதிவாளர் அலுவலகத்தில் 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று கேட்டு வாங்கினார்கள். ஈ.சி. என்று சொல்கிறோமே, அதுதான். அந்தச் சொத்தை யார் யாருக்கு விற்றார்கள், அடமானம் வைத்தார்களா என்று பதிவான விவரம் அதில் இருக்கும். பதிவு செய்யாத கொடுக்கல் வாங்கல் அதில் வராது. அதனால் மூலப் பத்திரத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும். நகலைக் காட்டினால் போதாது. மூலப் பத்திரம் வேறு எங்காவது அடகில் இருக்கலாம்.

சான்று கன்னடத்தில் இருந்தது. செல்வியின் மகள் பி.யூ.சி. படிக்கிறாள். அவள் வரி வரியாகப் படித்தாள். ஓர் இடத்தில் நின்றாள்.

"அம்மா, 'அடமான'ன்னு போட்டிருக்கு. 2011ல."

கன்னடத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான். ஒரு கூட்டுறவு சங்கத்தில் வீட்டை வைத்துக் கடன் வாங்கியிருந்தார் பெரியவர். மகள் கல்யாணத்துக்கு. கடனை அடைத்துவிட்டதாகச் சொன்னார். ஆனால் அடமானம் தீர்ந்தது என்ற பதிவு சான்றில் இல்லை. மூலப் பத்திரமும் சங்கத்தில்தான் இருந்தது.

விலை பேசினார்கள்

மேஸ்திரி செலவைக் கணக்குப் போட்டுச் சொன்னார். செல்வி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

தளத்தை உடைத்துப் போட 70,000 ரூபாய்.
சுவர், அஸ்திவாரம், குழாய் 60,000 ரூபாய்.
பழைய ஒயரிங் மாற்ற 35,000 ரூபாய்.
உப்புப் பூத்த பூச்சுக்கு 15,000 ரூபாய்.
மொத்தம் 1,80,000 ரூபாய்.

பேசப் போகும்போது செல்விக்குக் கால் பின்வாங்கியது. அப்பாவின் சிநேகிதர். அவரிடம் போய்க் குறை சொல்வதா? முருகேசனும் தயங்கினார். "பெரியவர் மனசு கஷ்டப்படும்" என்றார். "நாளைக்குத் தளம் பேந்து நம்ம பொண்ணு தலையில விழுந்தா யார் மனசு கஷ்டப்படும்?" என்று கேட்டார் செல்வி.

அவர் வீட்டைக் குறை சொல்லவில்லை. நோட்டைப் பெரியவர் முன்னால் வைத்தார்.

"பெரியப்பா, வீடு எனக்குப் பிடிச்சிருக்கு. வாங்கணும்னுதான் வந்திருக்கேன். மேஸ்திரி சொன்ன கணக்கு இது. வேற மேஸ்திரிய வச்சும் நீங்க கேட்டுப் பாருங்க."

பெரியவர் நோட்டைப் பார்த்தார். "நானே சரிபண்ணிக் குடுத்துடறேன். விலை 18 லட்சமே இருக்கட்டும்" என்றார்.

செல்வி ஒத்துக்கொள்ளவில்லை. இதை மேஸ்திரி முன்பே சொல்லிவைத்திருந்தார். விற்றுவிட்டுப் போகிறவர் சரிபண்ணினால் மேலே பூசிவிட்டுப் போகத்தான் மனம் வரும். பணத்தைக் குறைத்துக்கொண்டு நாமே செய்தால் கம்பியைக் கண்ணால் பார்க்கலாம்.

பெரியவர் 50,000 குறைப்பதாகச் சொன்னார். புரோக்கர் நடுவில் பேசினார். பேச்சு ஒரு மணி நேரம் போனது. கடைசியில் செல்வி சொன்னார்:

"ஒயரிங் பழசு, பூச்சு பழசுன்னு முதல் நாளே தெரியும் பெரியப்பா. பழைய வீடுன்னுதானே வந்தோம். அந்த 50,000த்த நான் கேக்கல. தளமும் சுவரும் அப்படி இல்ல. அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த 1,30,000 குறைச்சாத்தான் வாங்க முடியும். இல்லன்னா வேணாம். உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல."

சொல்லிவிட்டு எழுந்தார். உண்மையாகவே போகத் தயாராகத்தான் எழுந்தார்.

பெரியவர் உட்காரச் சொன்னார். "உங்க அப்பனும் இப்படித்தான் பிடிச்சா விடமாட்டான்" என்றார். 16,70,000 ரூபாய்க்கு முடிந்தது.

அப்போது புரோக்கர் செல்வியைத் தனியே கூப்பிட்டார். "இன்னொரு 50,000 குறைச்சுத் தரச் சொல்றேங்கக்கா. அந்தச் சங்கத்துக் கடன் விஷயத்த விட்டுடுங்க. அதெல்லாம் பேப்பர் வேலை, வருஷக்கணக்கா இழுக்கும்."

"அஞ்சு லட்சம் குறைச்சாலும் வேணாம்" என்றார் செல்வி.

செல்வி சொன்னது சரி. தளம் பழுதானால் உடைத்துப் போடலாம், அதற்கு இவ்வளவு என்று விலை உண்டு. அடமானம் தீராத வீட்டை வாங்கினால் அந்த அடமானமும் வீட்டோடு வரும். கடன் கொடுத்தவர் வீட்டின் மேல் உரிமை கேட்டால் குறைத்துத் தந்த 50,000 எந்த மூலைக்கு?

ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதினார்கள். விலை 16,70,000. முன்பணம் 50,000. கடன் தீர்ந்த சான்று வாங்கி, அடமான ரத்தைப் பதிவு செய்து, மூலப் பத்திரத்தைக் காட்ட இரண்டு மாதம் கெடு. கெடுவுக்குள் முடியாவிட்டால் முன்பணத்தை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். இந்தக் கடைசி வரியை எழுத்தர் விட்டிருந்தார். செல்வி விரலை வைத்து வாசித்தபோது அது இல்லாதது தெரிந்தது. எழுதச் சொல்லி, பிறகு கையெழுத்துப் போட்டார்.

முன்பணத்தை வங்கிக் காசோலையாகக் கொடுத்தார். 2015 ஜூன் முதல் வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. காசோலைக்குக் கணக்கும் இருக்கும்.

பாக்கிப் பணத்துக்கு வங்கியில் கடன் கேட்டார்கள். வங்கியும் வக்கீலையும் இன்ஜினியரையும் அனுப்பிப் பார்த்தது. சிலர் அதை மட்டும் நம்பிவிடுகிறார்கள். வங்கி பார்ப்பது தன் பணம் திரும்புமா என்று. நம் வீட்டுச் சமையலறைத் தளத்தை நாம்தான் தட்ட வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களும் இருப்பார்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். தொலைபேசி எண் 15100.

சங்கத்தில் சான்று வாங்க ஐந்து வாரம் ஆனது. பெரியவருக்கு நடக்க முடியவில்லை. இரண்டு முறை முருகேசன்தான் ஆட்டோவில் அழைத்துப் போனார். பழைய ரசீதுகளைப் பெரியவர் ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். ரத்துப் பதிவானது. மறுபடி ஈ.சி. போட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் கிரயப் பத்திரம் பதிவு செய்தார்கள்.

குடிபோகும் முன் சமையலறைத் தளத்தை உடைத்தார்கள். உள்ளே கம்பி விரலால் ஒடிக்கும்படி இருந்தது. செல்வி ஒரு துண்டை எடுத்துப் பெரியவரிடம் காட்டினார். பெரியவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குக் கீழதான் முப்பது வருஷம் சாப்பிட்டேன்" என்றார்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுச் சுவரில் விரிசல் இருந்தால் குறுக்கே காகிதம் ஒட்டுங்கள். பக்கத்தில் தேதி எழுதுங்கள். மழைக்குப் பிறகு பாருங்கள்.

பேசிப் பாருங்கள்

செல்வி 50,000 ரூபாயைக் கேட்காமல் விட்டது சரியா? நீங்களாக இருந்தால் எந்தச் செலவை விட்டிருப்பீர்கள்?