அறுக்கிறது இயந்திரம், கட்டுவது யார்?



ஒரு நாள் மாலை, கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு மடுவத்துப் பக்கம் நின்று சிலரோடு பேசிக்கொண்டிருந்தேன். கொழுந்து எடுக்கிற இயந்திரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "மெசின் வந்துட்டா எங்களுக்குப் பேரு கெடைக்குமாங்க ஐயா?" என்று ஒரு தாய் கேட்டார். பக்கத்தில் நின்ற தம்பி ஒருவர், "கஷ்டமாவது கொறையும்தானே அக்கா" என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு அந்த இடத்தில் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

இதே கேள்வியை 150 வருடத்துக்கு முன்னமே வேறொரு நாட்டு வயற்காட்டில் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவிலும் ஸ்கொட்லாந்திலும் கோதுமை அறுக்கக் குதிரை இழுக்கும் இயந்திரம் வந்த கதை அது. அதைப் படித்தால் நமக்கும் ஒரு பாடம் கிடைக்கும். பெரியவர்கள் படித்து, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

1. ஏன் அவ்வளவு அவசரம்?

கோதுமை பழுத்தால் காத்திருக்காது. இரண்டு வாரத்துக்குள் அறுத்து எடுக்க வேண்டும். பிந்தினால் மணி கொட்டிவிடும், மழை வந்தால் தாள் சாய்ந்துவிடும். நமக்குக் கொழுந்து முத்திப் போகிற மாதிரிதான்.

அரிவாளால் ஒரு ஆள் ஒரு நாள் முழுக்கக் குனிந்து அறுத்தாலும் சுமார் அரை ஏக்கர்தான். பிறகு நீண்ட பிடி வைத்த பெரிய அரிவாள் வந்தது. அதில் விரல் மாதிரி மரக்குச்சிகள் பூட்டியிருந்ததால், அறுத்த தாள் சிதறாமல் ஒரு பக்கமாக விழும். அதனால் பலசாலி ஒருவர் ஒரு நாளில் இரண்டு மூன்று ஏக்கர் அறுக்கலாம். ஆனால் அறுப்பவர் பின்னால் வேறு ஆட்கள் நடந்து, தாளைக் கூட்டி, அதே தாளைத் திரித்துக் கயிறாக்கிக் கட்டுக் கட்ட வேண்டும். விதைப்பது எவ்வளவு வேண்டுமானாலும் விதைக்கலாம். அறுக்க ஆள் கிடைக்கிற அளவுதான் வீட்டுக்கு வரும்.

2. வேலிக் கத்தரியில் பிறந்த யோசனை

ஸ்கொட்லாந்தில் பற்றிக் பெல் என்று ஒரு விவசாயி மகன். மதபோதகராக வரப் படித்துக்கொண்டிருந்தவர். ஒரு நாள் தோட்டத்து வேலியில் குத்தி வைத்திருந்த பெரிய கத்தரியைப் பார்த்தார். அதை எடுத்து வேலியை வெட்டிப் பார்த்தபோது, இதே மாதிரி பல கத்தரிகளை வரிசையாக வைத்துக் குதிரை பலத்தால் ஓட்டினால் என்ன என்று யோசித்தார்.

செய்து பார்க்க வெட்கம். ஊரார் சிரிப்பார்களே! அதனால் கொட்டகைக்குள் மண்ணைக் கொண்டுவந்து பரப்பி, ஓட்ஸ் தாளை ஒவ்வொன்றாக நட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார். பிறகு ஒரு இரவு, ஊர் தூங்கின பிறகு, சகோதரரைக் கூட்டிக்கொண்டு குதிரையோடு வயலுக்குப் போனார். அறுத்தது! 1828இல் அதை எல்லாருக்கும் காட்டினார். அவருடைய இயந்திரத்தைக் குதிரைகள் பின்னாலிருந்து தள்ளும். அறுந்த தாள் உருளும் துணிமேல் விழுந்து ஒரு பக்கமாக வரிசையாய்க் கொட்டும். அவர் காப்புரிமை எதுவும் எடுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

3. மெக்கோர்மிக் இயந்திரத்தின் பாகங்கள்

அமெரிக்காவில் வேர்ஜீனியா மாநிலத்தில் சைரஸ் மெக்கோர்மிக் என்பவர் 1831இல் தன் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். அவருடைய தகப்பனார் அதற்கு முன்னமே பல வருடம் முயற்சி செய்து தோற்றவர். அந்தக் குடும்பம் அடிமையாக வைத்திருந்த ஜோ அண்டர்சன் என்ற கறுப்பினத்தவரும் பட்டறையில் கூடவே நின்று அந்த இயந்திரத்தைச் செய்ய உழைத்தார். காப்புரிமை 1834இல் மெக்கோர்மிக் பெயரில் வந்தது. ஜோ அண்டர்சன் பெயர் வெகுகாலம் வெளியே வரவில்லை. பெயர் எழுதாமல் விட்ட உழைப்பு எப்படியிருக்கும் என்று நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

இயந்திரம் வேலை செய்யும் விதத்தைப் பிள்ளைகள் கவனமாகப் படியுங்கள்.

பெரிய சக்கரம்: குதிரை இழுக்க, தரையில் உருளும் இந்தச் சக்கரம்தான் எல்லாவற்றுக்கும் பலம் கொடுக்கிறது. பற்சக்கரங்கள் வழியாக அதன் சுற்று, கத்தியின் இட வல ஓட்டமாக மாறும்.

கத்தி: நீளமான சட்டத்தில் பற்கள். இடமும் வலமுமாக வேகமாய் ஓடும்.

விரல்கள்: கத்திக்கு முன்னால் நீட்டி நிற்கும் இரும்பு விரல்கள். இவை தாளைப் பிடித்துக் கொடுக்காவிட்டால், தாள் வளைந்து நழுவிவிடும், அறுபடாது.

சுழலும் சட்டம்: மேலே மெதுவாகச் சுற்றி, தாளைக் கத்திப் பக்கம் சாய்த்து அணைத்துக் கொடுக்கும்.

பலகை: அறுந்த தாள் விழும் இடம்.

பிரிப்பான்: அறுக்கப் போகிற தாளையும் நிற்கப் போகிற தாளையும் பிரித்து விடும் கொம்பு.

இத்தோடு இன்னொரு கெட்டித்தனம்: குதிரை கத்திக்கு நேர் முன்னால் போகாமல், ஏற்கெனவே அறுத்த பக்கமாகப் போகும். அதனால் நிற்கிற பயிர் மிதிபடாது.

அதே காலத்தில் ஒபெட் ஹசி என்பவர் 1833இலேயே காப்புரிமை எடுத்திருந்தார். அவருடைய கத்தி முக்கோணப் பற்களைச் சட்டத்தில் ஆணி அடித்துப் பொருத்தியது. ஒரு பல் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஈரத் தாள் அடைத்துக் கத்தி நின்றுபோகும் தொல்லைக்கு, விரல்களின் மேற்பக்கத்தைத் திறந்து விட்டு 1847இல் வழி கண்டார். கடைசியில் எல்லாரும் கைக்கொண்ட கத்தி ஹசியின் மாதிரிதான். மெக்கோர்மிக் 1847இல் சிக்காகோவில் தொழிற்சாலை கட்டி, கொஞ்சம் முன்பணம், மீதி அறுவடைக்குப் பிறகு என்று கடனுக்கு விற்றதால் அவர் பெயர் நிலைத்தது.

4. ஒரு பாரம் இறங்கினால் அடுத்த பாரம்

இங்கேதான் நம்முடைய பாடம் தொடங்குகிறது.

இரண்டு குதிரையும் இயந்திரமும் ஒரு நாளில் பத்து ஏக்கர் அறுத்துத் தள்ளின. நல்லதுதான். ஆனால் பலகையில் விழுந்த தாளை யார் இழுத்துப் போடுவது? ஒரு ஆள் வாருகோலோடு இயந்திரத்தின் பக்கத்தில் நாள் முழுக்க நடந்தார். பின்னால் ஐந்தாறு பேராவது கட்டுக் கட்டினார்கள். முன்பு அரிவாள்காரர் வேகத்துக்குக் கட்டினவர்கள், இப்போது குதிரை வேகத்துக்குக் குனிந்து நிமிர வேண்டியதாயிற்று. அறுப்பவர் முதுகிலிருந்து இறங்கின பாரம், கட்டுபவர் முதுகில் ஏறியது.

வாருகிற வேலையையும் இயந்திரமே செய்ய 1850களில் வழி வந்தது. அதில் பேர் எடுத்த ஒருவர் ஜெரம் அட்கின்ஸ் என்ற தச்சர். விபத்தில் அடிபட்டுப் பல வருடம் படுத்த படுக்கையாய் இருந்தவர். படுக்கையிலிருந்தே யோசித்து, மனிதக் கை மாதிரி வளைந்து தாளை வாரிப் போடும் ஒரு கையைச் செய்தார்.

1858இல் மார்ஷ் என்ற சகோதரர்கள், கட்டுபவர் ஏன் தரையில் குனிய வேண்டும் என்று கேட்டார்கள். அறுந்த தாளை உருளும் துணி மேலே தூக்கி ஒரு மேசைக்குக் கொண்டு வரும். இயந்திரத்தின் மேலேயே இரண்டு பேர் நிமிர்ந்து நின்று கட்டுவார்கள். ஐந்தாறு பேர் வேலை இரண்டு பேருக்கு வந்தது. இடுப்பு வலி குறைந்தது. கை ஓய்வு மட்டும் இல்லை.

1870களில் கம்பியால் தானாகக் கட்டும் இயந்திரம் வந்தது. அதில் ஒரு பெரிய குறை. கம்பித் துண்டு வைக்கோலில் கிடந்து மாட்டு வயிற்றுக்குள் போனது, மா ஆலைக்கும் போனது. விவசாயிகள் வெறுத்தார்கள்.

கடைசியாக விஸ்கொன்சின் மாநிலத்து ஜோன் அப்பிள்பி அந்த முடிச்சை அவிழ்த்தார். இல்லை, முடிச்சைப் போட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்! வளைந்த ஊசி ஒன்று கயிற்றைக் கட்டைச் சுற்றிக் கொண்டு வரும். பறவை அலகு மாதிரி ஒரு சிறு இரும்பு ஒரு சுற்றுச் சுற்றி வளையம் போடும். அலகு திறந்து கயிற்று முனைகளைக் கவ்வும். சிறு கத்தி கயிற்றை அறுக்கும். ஒரு கை கட்டை வெளியே தள்ள, வளையம் அலகிலிருந்து வழுகி முடிச்சு இறுகும். 1880இல் டீரிங் என்ற முதலாளி இதை ஆயிரக்கணக்கில் சந்தைக்கு விட்டார். இப்போது ஒரே ஆள், மூன்று நான்கு குதிரையோடு, அறுத்துக் கட்டியும் முடித்தார்.

5. கயிறு எங்கிருந்து வந்தது?

பாரம் அத்தோடு தீர்ந்துவிட்டதா? இல்லை. அவ்வளவு கயிற்றுக்கும் நார் வேண்டும். மெக்சிகோ நாட்டில் யுகட்டான் என்ற பகுதியில் கற்றாழை மாதிரி ஒரு முட்செடியைப் பெரும் தோட்டங்களாகப் போட்டார்கள். அங்கே மாயா இனத்து மக்கள் முள் இலையை வெட்டினார்கள். அவர்களுக்கு முன்பணம் கொடுத்து, கடனைப் புத்தகத்தில் எழுதி, கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டுப் போகவிடாமல் வைத்திருந்தார்கள். கடன் தீரவே தீராது. அந்தக் கடன் அடிமைத்தனத்தை 1915 அளவில்தான் ஒழித்தார்கள். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் கடனை எழுதிக் கொடுத்த 'துண்டு' இலங்கையில் 1921இல் சட்டத்தால் நிறுத்தப்பட்டது உங்களுக்கு ஞாபகம் வரும். கோதுமை வயலில் ஒருவர் முதுகு நிமிர்ந்தபோது, கடல் தாண்டி இன்னொருவர் முதுகு வளைந்தது.

6. மே தினமும் இந்த இயந்திரமும்

ஒவ்வொரு வருடமும் மே தினத்துக்குக் கொடி பிடித்துப் போகிறோம். அந்த மே தினத்துக்கும் இந்த அறுவடை இயந்திரத்துக்கும் தொடர்பு உண்டு என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சிக்காகோவில் மெக்கோர்மிக் தொழிற்சாலையில் இரும்புப் பாகம் வார்க்கும் தொழிலாளர்களுக்குச் சங்கம் இருந்தது. 1885இல் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். அதன் பிறகு நிர்வாகம் வார்ப்பு வேலைக்கே இயந்திரங்களைக் கொண்டுவந்து அவர்களுடைய இடத்தில் வைத்தது. வயலில் ஆள் குறைக்கும் இயந்திரத்தைச் செய்தவர்களையே இன்னொரு இயந்திரம் வெளியே தள்ளியது. 1886 மே 1ஆம் திகதி எட்டு மணிநேர வேலை கேட்டு நாடெங்கும் வேலைநிறுத்தம். மே 3ஆம் திகதி அந்தத் தொழிற்சாலை வாசலில் பொலிசார் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். அதைக் கண்டித்து மறுநாள் ஹேமார்க்கட் சதுக்கத்தில் கூட்டம் நடந்தபோது குண்டு வெடித்தது. அந்த வழக்கில் நான்கு பேரை 1887இல் தூக்கிலிட்டார்கள். 1889இல் பாரிஸ் நகரில் கூடிய தொழிலாளர் மாநாடு எடுத்த முடிவால், 1890 முதல் மே 1 உலகத் தொழிலாளர் நாளாயிற்று.

7. நமக்கு என்ன?

கொழுந்து எடுக்கும் கை இயந்திரத்தைப் பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள். அதிலும் பல் வைத்த கத்திதான் இடமும் வலமுமாக ஓடுகிறது. பெல் கண்ட யோசனையும் ஹசி பொருத்திய பல்லும் தேயிலை மலை ஏறிவிட்டன. குதிரைக்குப் பதில் மோட்டர், அவ்வளவுதான்.

ஆகவே அந்தத் தாய்க்கும் தம்பிக்கும் நான் அன்று சொல்லாத பதில் இது. இயந்திரம் கெட்டதும் அல்ல, தானாக நல்லது செய்வதும் அல்ல. அது ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அடுத்த வேலையை யாரோ ஒருவர் தலையில் வைக்கும். யார் தலையில் என்று முன்கூட்டியே கேட்பது நம் கடமை. வந்த பிறகு அழுது பிரயோசனமில்லை. வருமுன் தலைவர்மாரும் தாய்மாரும் உட்கார்ந்து இதைக் கேளுங்கள்:

இயந்திரத்தைத் தூக்குவது யார்? பின்னால் பை பிடிப்பது யார்? தண்டும் முற்றிய இலையும் சேர்ந்து வந்தால் பொறுக்குவது யார், அதற்குப் பேர் உண்டா? இயந்திரம் பழுதான நாளுக்குச் சம்பளம் என்ன? மிச்சமாகிற ஆட்களுக்கு வேறு என்ன வேலை? இயந்திரத்தை ஓட்டப் பெண்களுக்கும் பழக்கிக் கொடுப்பார்களா?

இன்னொன்று. அடைத்த தாளைக் கையால் எடுக்கப் போய் விரல் இழந்த விவசாயிகள் அந்தக் காலத்தில் பலர். கத்தி ஓடும்போது கை வைக்காதீர்கள். நிறுத்தி, முழுதாக நின்ற பிறகுதான் தொட வேண்டும்.

வீட்டில் பிள்ளைகளைக் கேட்க

1. கத்திக்கு முன்னால் விரல்கள் இல்லாவிட்டால் என்ன நடக்கும்?
2. மெக்கோர்மிக் இயந்திரத்தில் குதிரை ஏன் ஒரு பக்கமாகப் போகிறது?
3. கம்பிக் கட்டு ஏன் கைவிடப்பட்டது?
4. அப்பிள்பியின் முடிச்சை ஒரு நூலை வைத்துக்கொண்டு நீங்களே செய்து காட்ட முடியுமா?

நாலாவது கேள்விக்கு விடை கண்ட பிள்ளை, நாளைக்கு ஸ்டோரில் எந்த இயந்திரம் நின்றாலும் பயப்படாமல் பக்கத்தில் போய்ப் பார்க்கும். அந்தப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்திவிடாதீர்கள்.